மண்ணுக்குள்ளே ஒரு பட்டி

மண்ணைப் பற்றி என்னிடம் கேட்க வருகிறவர்களின் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணை, எந்தப் போத்தல் நல்லது?" நுண்ணங்கிக் கரைசல்கள் இப்போது கடைகளில் விதவிதமாக வந்து நிற்கின்றன. ஈ.எம். கரைசல், உயிர்ப்பசளை, அது போதாதென்று தமிழ்நாட்டிலிருந்து காணொளி வழியாக வந்து சேர்ந்த ஜீவாமிர்தம், பஞ்சகவ்வியம். எதையும் நான் இகழவில்லை. ஒரு சின்னக் கணக்கு மட்டும் போட்டுக் காட்டுவேன்.

ஏக்கருக்கு மேல் ஆறங்குல மண்ணின் எடை ஏறத்தாழ ஒன்பது இலட்சம் கிலோ. அந்த மண்ணில் ஒரு கிராமுக்குப் பத்துக் கோடி பற்றீரியா என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மண்ணில் நூறு கோடியும் இருக்கும். போத்தலில் ஒரு மில்லிலீற்றருக்கு நூறு கோடி உயிர் இருந்தாலும், ஏக்கருக்கு ஒரு லீற்றர் தெளித்தால் ஏற்கெனவே மண்ணில் இருப்பதில் இலட்சத்தில் ஒரு பங்கைத்தான் கூட்டியிருக்கிறீர்கள். பட்டியில் நிற்கிற மாடுகளுக்குத் தீன் போடாமல், எல்லாம் மெலிந்துபோச்சு என்று புதிதாக ஒரு கன்றை வாங்கி அதே பட்டிக்குள் விடுகிற வேலை அது. கன்றும் மெலியும்.

வன்னியில் முள்ளியவளை மண்ணோடு இத்தனை காலம் மாரடித்ததில் எனக்கு விளங்கியது இதுதான்: எங்கள் மண்ணில் இருக்கிற உயிர்கள் நஞ்சால் செத்ததைவிடப் பட்டினியால் செத்ததே அதிகம். யூரியாவையும் களைநாசினியையும் திட்டித் தீர்க்கிறவர்கள் இந்தப் பட்டினியைக் காண்பதில்லை.

என் காணியில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மேட்டில் கச்சான், உழுந்து, மிளகாய். பள்ளத்தில் நெல். மேட்டு மண் செங்கபில நிறம். காய்ந்தால் மண்வெட்டி துள்ளும், நனைந்தால் காலில் அப்பும். இந்த மண்ணின் சுகத்தைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஆனி, ஆடியில் நன்றாகக் காய்ந்த மண்கட்டி இரண்டு எடுங்கள். ஒன்று உழுத தரையிலிருந்து, மற்றது வேலியோரம், கலப்பை போகாத இடத்திலிருந்து. இரண்டு கிளாசில் தண்ணீர் நிரப்பி, கிளாசின் வாயில் பழைய நுளம்புவலைத் துண்டைக் கொஞ்சம் தாழ விட்டு, தண்ணீருக்குள் அமிழ்கிற மாதிரி கட்டிகளை வையுங்கள். உழுத தரையின் கட்டியிலிருந்து முதலில் குமிழி வரும். பிறகு ஓரம் உரியும். பிறகு மளமளவென்று கொட்டி அடியில் சேறாகப் படியும்; தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூடப் பிடிக்காது. வேலியோரக் கட்டி அப்படியே இருக்கும். தண்ணீர் தெளிவாகவே நிற்கும். அந்தக் கட்டியைப் பிறகு எடுத்து மெதுவாகப் பிட்டுப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, சிலந்தி நூலைவிட மெல்லிதாக இழைகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

அந்த இழைகள் பங்கசுக்கள். மண்துணிக்கைகளைச் சுற்றிக் கட்டுவது அவை. பற்றீரியாக்கள் கசியவிடுகிற பசை அந்தக் கட்டை ஒட்டிப் பிடிக்கிறது. இரண்டும் காபன் தின்று வாழ்கிறவை. தின்னக் கொடுக்காவிட்டால் பசையும் இல்லை, இழையும் இல்லை. பிறகு கார்த்திகை மழை அடிக்கும்போது மேல்மண் கரைந்து, அடுத்த வெயிலில் பொருக்காக இறுகி, முளைக்கிற உழுந்தின் கழுத்தை முறிக்கும். "மண் செத்துப்போச்சு" என்று சொல்கிறோமே, கையில் பிடித்துப் பார்த்தால் அது இந்தப் பொருக்குத்தான்.

குளிர்நாட்டில் இலை விழுந்தால் வருடக்கணக்கில் கிடந்து உக்கும். எங்கள் ஊரில் இரண்டு மழைக்குள் காணாமற்போகும். வெப்பம் பத்துப் பாகை ஏற, நுண்ணங்கிகள் தின்கிற வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆகவே வன்னி மண்ணில் சேதனப் பொருளைச் சேர்த்து வைப்பது என்பது நடக்காத காரியம். போட்டுக்கொண்டே இருக்க வேணும். உழுது பயிரிட்ட எங்கள் மேட்டுக்காணிகளில் சேதனப் பொருள் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று, இரண்டுக்குள்தான் நிற்கும். பக்கத்துக் காட்டுக்குள் போய்ச் சருகை விலக்கி ஒரு பிடி அள்ளினால் நிறமே வேறு. காட்டுக்கும் அதே வெயில், அதே மழை. ஆனால் அங்கே வருடம் முழுக்கச் சருகு விழுகிறது. வருடம் முழுக்க உயிருள்ள வேர் மண்ணுக்குள் நிற்கிறது. எங்கள் வயலில் மாசிக்குப் பிறகு ஐப்பசி வரை எதுவும் இல்லை. எட்டு மாதம்.

நீண்டகாலப் பரிசோதனைகளும் இதைத்தான் காட்டுகின்றன. இங்கிலாந்தில் ரொதம்ஸ்ரெட் என்ற இடத்தில் 1843இல் தொடங்கிய கோதுமை வயல் இன்றும் நடக்கிறது. எரு போட்ட துண்டில் மண்காபன் வெறும் துண்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதோடு நுண்ணங்கிகளும் பெருகியிருக்கின்றன. செயற்கைப் பசளை மட்டும் போட்ட துண்டில் விளைச்சல் உண்டு, மண்காபன் வெறும் துண்டைவிடக் கொஞ்சம்தான் கூட. எங்கள் வெயிலுக்குக் கிட்டிய உதாரணம் கோயம்புத்தூரில் இருக்கிறது. அங்கே 1909இல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனை வயலிலும் மாட்டெரு போட்ட துண்டுகளில்தான் காபனும் நுண்ணங்கிகளும் கூட. கவனியுங்கள்: செயற்கைப் பசளை போட்ட துண்டு செத்துப்போகவில்லை. பயிர் செழித்தால் வேரும் தாளும் கொஞ்சம் மண்ணுக்குத் திரும்பும். அந்தத் தாளையும் கொளுத்தினால்தான் கதை முடிகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வன்னிக் கமக்காரனுக்கு வருடத்தில் ஒரு நாள் மண் தானாகப் பேசும். புரட்டாதிக் கடைசியில் அல்லது ஐப்பசித் தொடக்கத்தில் முதல் மழை விழுகிற பின்னேரம். கச்சான் காற்று மாதக்கணக்காக அடித்துக் காய்ந்த தரையில் துளி விழுந்ததும் எழும்புகிற மணத்தில் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுடையது. மண்ணில் வாழும் ஸ்ரெப்ரோமைசிஸ் வகைப் பற்றீரியாக்கள் உண்டாக்குவது. அந்த மணம் மண்ணுக்குள் திரிகிற நுண்ணிய பூச்சிகளை இழுக்கிறது, அவை அந்தப் பற்றீரியாவின் வித்திகளை உடம்பில் ஒட்டிக்கொண்டு பரப்புகின்றன என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நாங்கள் வாசலில் நின்று மூச்சை இழுப்பது இடையில் புகுந்த சங்கதி.

மணத்தைவிடப் பெரிய வேலை மண்ணுக்குள் நடக்கிறது. வறண்ட மாதங்களில் நுண்ணங்கிகள் சாகாமல் இருக்க உடம்புக்குள் உப்பையும் சீனி போன்ற பொருள்களையும் சேர்த்து வைத்திருக்கும். திடீரென்று தண்ணீர் வந்ததும் அவற்றில் ஒரு பகுதி வெடிக்கும். தப்பியவை வெடித்தவற்றைத் தின்னும். காய்ந்து உடைந்த மண்கட்டிகளுக்குள் ஒளிந்திருந்த சேதனப் பொருளும் அவற்றின் வாய்க்கு எட்டும். ஓரிரு நாளுக்குள் மண் பெருமூச்சாகக் காபனீரொட்சைட்டை விடும். கூடவே நைதரசனும் பயிருக்கு உகந்த வடிவில் வெளிவரும். 1950களில் கென்யாவில் இருந்து இதை விரிவாக எழுதியவர் எச். எஃப். பேர்ச் என்ற ஆய்வாளர். அவருடைய பெயராலேயே இது வழங்குகிறது.

ஆனால் பேர்ச்சின் கட்டுரை வருவதற்கு வெகுகாலம் முந்தியே எங்கள் ஆட்கள் புழுதி விதைப்புச் செய்தார்கள். முதல் மழைக்கு முந்தி விதை மண்ணுக்குள் கிடக்க வேணும் என்பதில் என் தகப்பன் விட்டுக்கொடுக்க மாட்டார். காரணம் கேட்டால் மழையை நம்ப ஏலாது என்பார். இன்னொரு காரணமும் உண்டு என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. முதல் மழையில் வெளிவருகிற அந்த நைதரசன் இலவசமாக வருவது, ஆனால் காத்திருக்காது. வேர் இருந்தால் பயிருக்குள் போகும். வேர் இல்லாவிட்டால் கார்த்திகை அடைமழை அதைக் கீழே கழுவிக்கொண்டு போகும். வயலில் தண்ணீர் தேங்கினால் பற்றீரியாக்களே அதை வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடும். மழை நன்றாக விழட்டும், சேறடித்து விதைப்போம் என்று ஒரு மாதம் பிந்துகிறவர்கள் அந்த இலவசத்தை விட்டுவிட்டு, யூரியாப் பைக்கு வரிசையில் நிற்கிறார்கள். எல்லா வயலுக்கும் புழுதி விதைப்புப் பொருந்தாது என்பது உண்மை. தண்ணிமுறிப்புக் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற குமுளமுனைப் பக்கத்து வயல்களின் கணக்கு வேறு. மானாவாரி வயலுக்கு அதுதான் சரி.

இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து வருகிற ஒவ்வொரு முறையும் மண் காபனை இழக்கிறது. ஆவணியில் எங்கோ ஓர் இடிமழை விழுந்து மறுநாளே வெயில் கொளுத்தினால், மூடாக்கு இல்லாத தரையில் நுண்ணங்கிகள் எழும்பி, இருந்ததைத் தின்று, மறுபடி படுத்துவிடும். பயிருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அதனால்தான் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கையோடு மேட்டுக்காணியில் சீமைக்கிளுவைக் குழையை வெட்டிப் போடத் தொடங்கிவிடுவேன். சீமைக்கிளுவை இலையில் நைதரசன் அதிகம்; சீக்கிரம் உக்கும். தண்டு பிந்தி உக்கும். இரண்டும் சேர்ந்துதான் தரைக்கு நிழல். குழை தாழ்ப்பது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்களின் கலை; வன்னிக் குழையும் எருவும் அங்கே லொறியில் போன காலமும் உண்டு, இன்றும் எரு போகிறது. தன் காணிக்குப் போடாமல் எருவை லொறிக்கு விற்கிறவரைக் கண்டால் எனக்கு வயிறு பற்றும். காசுக்கு அவசரம் என்றால் என்ன செய்வது, அதுவும் உண்மைதான்.

உழவைப் பற்றிக் கொஞ்சம். ரொட்டவேற்றர் வந்த பிறகு மண்ணை மாவாக்குவது ஒரு பெருமையாகிவிட்டது. பங்கசு இழைகளுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. மைக்கோரைசா என்ற பங்கசு பயிரின் வேருக்குள் ஒரு முனையும் மண்ணுக்குள் மறுமுனையுமாக வாழ்கிறது. எங்கள் செம்மண்ணில் பொசுபரசை இரும்பு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வேர் சில மில்லிமீற்றருக்குள் இருப்பதைத்தான் உறிஞ்ச முடியும். இந்த இழை அதைத் தாண்டிப் போய்க் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பயிரிடம் சீனி வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு போகமும் அதைத் துண்டு துண்டாக வெட்டினால், ஒவ்வொரு போகமும் அது முதலிலிருந்து தொடங்க வேணும். கோவா, முள்ளங்கி, பீற்றூட் இந்தப் பங்கசோடு சேராத பயிர்கள். அவற்றுக்குப் பின் அதே தரையில் மிளகாய் நட்டால் கன்று கொஞ்சநாள் திகைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இடையில் ஒரு பயறோ உழுந்தோ போட்டு எழும்புங்கள்.

கச்சானுக்கு வருவோம். முல்லைத்தீவுக் கச்சானுக்கு வெளியூர்ச் சந்தையில் பெயர் உண்டு. அந்தப் பெயரில் பாதி பற்றீரியாவுக்குச் சேர வேண்டியது. பூத்து ஒரு கிழமை கழித்து ஒரு செடியை இழுக்காதீர்கள், மண்வெட்டியால் சுற்றிக் கிளப்புங்கள். தண்ணீரில் அலசினால் வேர் முழுக்கக் கடுகளவு முடிச்சுகள் தெரியும். நாலைந்தை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, இரத்தம் கசிந்ததுபோல் இருந்தால் வேலை நடக்கிறது. எங்கள் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற பொருளின் உறவுக்காரப் பொருள்தான் அந்தச் சிவப்பைக் கொடுக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை. பச்சையோ மண்ணிறமோ என்றால் முடிந்துவிட்டது. அவரையினப் பயிர்கள் வேர்முடிச்சால் காற்றின் நைதரசனைப் பிடிக்கின்றன என்று ஜேர்மனியில் ஹெல்ரீகலும் வில்பார்த்தும் 1880களில் காட்டினார்கள். அந்தப் பற்றீரியாவை 1888இல் தனியே பிரித்து வளர்த்தவர் ஒல்லாந்துக்காரரான பெயரிங்க். இலங்கையில் பேராசிரியர் எஸ். ஏ. குலசூரியா போன்றவர்கள் அவரையினப் பயிருக்கான பற்றீரியா விதைப்பூச்சில் வருடக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். போத்தலிலோ பையிலோ வருகிற நுண்ணங்கி உண்மையாகவே பயன் தருகிற இடம் இதுதான்: அந்த வகைப் பற்றீரியா இல்லாத மண்ணில், அதற்கென்றே உள்ள பயிரின் விதையோடு போடுவது. சோயா எங்கள் மண்ணுக்குப் புதிது, அதற்கு வேணும். கச்சானும் கௌப்பியும் உள்ளூர்ப் பற்றீரியாக்களோடு இலகுவில் சேர்ந்துகொள்ளும்.

சேராமல் இருக்க நாங்கள்தான் வழி செய்கிறோம். பங்கசுநாசினி தடவிய விதையோடு பற்றீரியாவையும் சேர்த்துப் பூசுகிறோம். ஒன்று மற்றதைக் கொல்லும். கச்சானுக்கு அள்ளி அள்ளி யூரியா போடுகிறோம். நைதரசன் சும்மா கிடைத்தால் செடி எதற்காகப் பற்றீரியாவுக்குச் சீனி கொடுக்க வேணும்? முடிச்சுக் கட்டாது. செடி கரும்பச்சையாக மதர்த்து நிற்கும், காய் சோத்தியாக இருக்கும்.

எங்கள் மண்ணுக்கு நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க ஏலாது. 2008 கடைசியில் போரால் ஊர் வெளிக்கிட்டது. திரும்பத் தொடங்கியது 2010க்குப் பிறகு. அதற்குள் காணிகளை ஈச்சையும் நாயுண்ணியும் மூடியிருந்தன. மனிதருக்கு அது பேரழிவு. மண்ணுக்கு அது ஓய்வு. சருகு விழுந்தது, வேர் நின்றது, கலப்பை போகவில்லை. பிறகு துப்புரவு வந்தது. கண்ணிவெடி தேடுகிறவர்கள் வாரியால் மேல்மண்ணை வாரி வாரிப் பின்னே தள்ளிக்கொண்டு போனார்கள். உயிரைக் காத்த வேலை அது, அதில் குறை சொல்ல எதுவுமில்லை; ஆனால் மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்தது. அதைவிட மோசம் புல்டோசர். பற்றையைக் கிளப்பும்போது அந்த இரண்டு வருடத்தில் சேர்ந்த கறுத்த மண்ணையும் சேர்த்து வழித்து, எல்லைக்கரையில் குவித்தது. அந்தக் குவியல்களில் யாரும் நடாத பூசணிக்கொடி ஏறிப் படர்ந்து காய்த்தது. நடுக்காணியில் நாங்கள் நட்ட கச்சான் மஞ்சளாக நின்றது. நான் பிறகு அந்தக் குவியல்களைக் கடகத்தில் அள்ளி அள்ளித் தரையில் பரப்பினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். காணி துப்புரவாக்க வேணுமென்றால் இன்றைக்கும் சொல்வேன்: பற்றையை அடியோடு வெட்டுங்கள், வேரை மண்ணுக்குள்ளேயே உக்க விடுங்கள், புல்டோசரை ஏற்றாதேயுங்கள்.

காணி மட்டுமா போனது, பட்டிகளும் போயின. போருக்கு முந்தி அறுவடை முடிந்த வயலில் பட்டி அடைப்பார்கள். இரவில் மாடுகள் நின்ற இடம் அடுத்த போகத்தில் பார்த்தாலே தெரியும். மாடுகள் போன பிறகு எருவும் போனது. அந்த இடைவெளியை யூரியா நிரப்பியது. அதுவும் மானியத்தில், மலிவாக.

பிறகு 2021 வந்தது. மே 6இல் வர்த்தமானி. இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் நாட்டுக்குள் வரக்கூடாது. நவம்பர் கடைசியில் தடையை எடுத்தார்கள். அந்தக் காலபோகத்தில் நாட்டின் நெல் உற்பத்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. சேதனத்தை நம்புகிறவன் நான். அந்தத் தடை சேதன விவசாயத்துக்குச் செய்த கெடுதியை எந்த யூரியாவும் செய்யவில்லை என்பேன். ஐம்பது கிலோ யூரியாப் பையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நூற்றுக்கு ஒன்று நைதரசன் உள்ள கூட்டெருவில் அதே அளவைக் கொடுக்க 2,300 கிலோ வேணும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். மிச்சத்தை நுண்ணங்கிகள் தங்கள் உடம்பில் கட்டி வைத்து, மெதுவாகத்தான் விடும். பல வருடம் தீன் போட்டு வளர்த்த மண் பசளைக் குறைவைத் தாங்கும். பட்டினி மண்ணிடம் ஒரே போகத்தில் அதைக் கேட்டால் எங்கே போகும்? அந்த வருடம் சீனாவிலிருந்து கப்பலில் வரவிருந்த சேதனப் பசளையின் மாதிரியில் எர்வினியா என்ற பற்றீரியா இருக்கிறது என்று தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரிகள் சொல்ல, கப்பல் கடலில் சுற்ற, கடைசியில் நாடு 67 இலட்சம் டொலர் கட்டியது. மண்ணில் வாழ்கிற ஒரு நுண்ணங்கி பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வந்ததை நான் கண்டது அப்போதுதான். அதுவும் குற்றவாளியாக.

களைநாசினியைப் பற்றி ஒரு சொல். கிளைபோசேற்று 2015இல் தடை, பிறகு தளர்வு, 2022இல் மறுபடி அனுமதி. அது தாக்குகிற வழி பயிரில் மட்டுமல்ல, பல பற்றீரியா, பங்கசுகளிலும் உண்டு. ஆனாலும் சொல்லிய அளவில் அடித்தால் மண்ணுயிரில் காணப்படும் மாற்றம் பல ஆய்வுகளில் சிறிதாகவும் தற்காலிகமாகவுமே இருக்கிறது. எனக்குப் பயம் அதன் பின்விளைவு: களை செத்த வெறுந்தரை. செம்புக் கலவை அடிக்கிற மிளகாய்த் தோட்டத்தைப் பற்றித்தான் நான் கூடக் கவலைப்படுவேன். செம்பு உக்காது. போட்டதெல்லாம் மண்ணிலேயே இருக்கும்.

வயலில் தண்ணீர் கட்டினால் உலகமே வேறு. ஒன்றிரண்டு நாளில் மண்ணின் ஒட்சிசன் தீர்ந்து, காற்றில்லாமல் வாழ்கிற கூட்டம் எழும்பும். மெதேன் அதிலிருந்துதான் வருகிறது. தண்ணீரில் மிதக்கிற நீலப்பச்சைப் பாசியைச் சனம் அழுக்கு என்று திட்டும். நெல்வயலில் நைதரசனைப் பிடித்துத் தருகிறது அந்தப் பாசிதான் என்று வங்காளத்து ஆய்வாளர் பி. கே. டே 1939இலேயே எழுதிவிட்டார். எருவே காணாத வயல்கள் தலைமுறை தலைமுறையாகக் கொஞ்சமாவது விளைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நடுமத்தியானம் பாசி நிறைந்த தண்ணீருக்குள் யூரியாவை வீசினால், பாசியால் காரமேறிய தண்ணீர் யூரியாவை அமோனியாவாகப் பறக்கவிடும். தண்ணீரை வடித்து, ஈரமண்ணில் பின்னேரத்தில் போட்டு, பிறகு தண்ணீர் விடுங்கள். அவ்வளவுதான்.

இனி வைக்கல். முந்தி அரிவு வெட்டி, சூடு வைத்து, களத்தில் அடித்தோம். வைக்கல் வீட்டுக்கு வந்து போராகி, மாட்டுக்குப் போய், எருவாகித் திரும்பியது. இப்போது அறுவடை மெசின் வைக்கலை வயலிலேயே வரிசையாகத் துப்பிவிட்டுப் போகிறது. மாசியில் பின்னேரங்களில் தெருவால் போனால் இரண்டு பக்கமும் புகை. போன போகத்தில் பக்கத்து வயல்காரத் தம்பியிடம் கேட்டேன்.

"அண்ணை, கொளுத்தாட்டி உழவே ஏலாது. ரொட்டவேற்றரிலை சுத்திக்கொண்டு நிக்குது. மெசின்காரன் ஏசுறான்."

"மழை ஐப்பசியிலைதானே. மாசியிலை ஏன்ரா தம்பி உழுறாய்?"

கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாரும் உழுகினம்" என்றான்.

ஏக்கருக்கு இரண்டாயிரம் கிலோ நெல் விளைந்தால், கிட்டத்தட்ட அதே எடைக்கு வைக்கல் கிடக்கும். அதில் பன்னிரண்டு கிலோ அளவில் நைதரசன், அதாவது அரைப்பை யூரியா. பொட்டாசியம் முப்பது கிலோ வரை. ஒரு பை எம்.ஓ.பி. பொட்டாசுப் பசளையில் இருப்பதைவிடக் கூட. கொளுத்தினால் நைதரசன் புகையோடு போகும். சாம்பலில் மிஞ்சிய பொட்டாசியத்தைக் காற்றும் முதல் வெள்ளமும் கொண்டுபோகும். நெருப்பு சுடுவது மேல்தோல் மண்ணை மட்டும்தான், அங்கே செத்த நுண்ணங்கிகள் திரும்ப வந்துவிடும். திரும்பி வந்து தின்ன எதுவும் இருக்காது என்பதுதான் நட்டம். பயிரில் எரிபந்தமோ மடல் கருகலோ மோசமாக விழுந்த துண்டைக் கொளுத்துகிறவரோடு நான் வாதாட மாட்டேன். மற்றதெல்லாம் பழக்கதோஷம்.

கொளுத்தாமல் என்ன செய்வது? விதைப்புக்கு முந்தின கிழமை சேற்றில் புதைக்காதீர்கள். வைக்கலில் ஒரு பங்கு நைதரசனுக்கு அறுபது, எழுபது பங்கு காபன். நுண்ணங்கியின் உடம்பில் ஒன்றுக்கு எட்டுத்தான். அவ்வளவு காபனைத் தின்ன அவை மண்ணிலிருக்கிற நைதரசனைக் கடன் வாங்கும், நாற்று மஞ்சளாகும், சேற்றில் கூழ்முட்டை நாற்றம் வரும். "வைக்கல் போட்டேன், பயிர் கெட்டது" என்கிறவர்கள் செய்தது இதுதான். நான் செய்வது: அறுவடைக்கு ஒரு கிழமை முந்தி, வயலில் ஈரம் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் பயறை வீசிவிடுவேன். காவிரிப் பாசனத்து ஆட்கள் உழுந்துக்கு இதைத்தான் பரம்பரையாகச் செய்கிறார்கள். மெசின் சில்லில் கொஞ்சம் நசியும், போகட்டும். மெசின் போன பின் வைக்கல் வரிசையைக் கம்பால் உதறிப் பரப்பிவிட்டால் பயறு அதற்குள்ளால் எழும்பும். வெயில் மண்ணைச் சுடாது. பயறு பிடுங்கிய பிறகு மாடுகள் மேயும், சாணி விழும். கறையானும் மண்புழுவும் தங்கள் பங்கை எடுக்கும். ஐப்பசி வரும்போது வைக்கல் உக்கிக் கையில் பொடியும் பதத்துக்கு வந்திருக்கும். எந்தக் கலப்பையிலும் சுற்றாது. முதல் வருடம் ஒரு வித்தியாசமும் தெரியாது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் போகத்துக்குப் பிறகு உழவு மெசின்காரனே மண் இளகியிருக்கு என்று சொல்வான்.

தனியொருவர் செய்து பிரயோசனமில்லை. பக்கத்து வயலில் வைத்த நெருப்பு வரம்பு பார்த்து நிற்பதில்லை. காலபோகக் கூட்டத்தில் விதைப்பு எப்போது தொடங்குவது, மாடுகளை எந்தத் தேதிக்கு முந்தி அகற்றுவது, தண்ணீர் எப்போது திறப்பது என்றெல்லாம் கமக்கார அமைப்பாகக் கூடித் தீர்மானிக்கிறோம். அதே கூட்டத்தில் வைக்கல் கொளுத்துவதில்லை என்பதையும் ஒரு தீர்மானமாக எழுதலாம், நோய் விழுந்த துண்டுக்கு மட்டும் விலக்கு வைத்து. வருகிற கூட்டத்தில் இளம் ஆட்கள் யாராவது எழும்பி அதைப் பிரேரியுங்கள். நான் வழிமொழிகிறேன்.